‘இன்ஜின் போச்சு’ என்று சொல்வதற்கு முன்னால்



நம் குழுக்களில் சிலர் சேர்ந்தும், சிலர் தனியாகக் கடன் எடுத்தும் பெட்ரோலில் ஓடும் சின்ன இன்ஜின் பம்ப் வாங்கி வைத்திருக்கிறார்கள். டிவிஎஸ் வண்டியின் முன்னால் வைத்துக் கட்டிக் கொண்டு போகிறோமே, அந்த மெஷின்தான். கரண்ட் இணைப்பு இல்லாத புஞ்சைக்கு இதை விட்டால் வேறு வழி கிடையாது. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குப் பிச்சியும் மல்லிகையும் கொண்டு வருகிற வீடுகளில், மாசி பங்குனி வந்துவிட்டால் குளத்தில் மிச்சம் கிடக்கிற தண்ணியையும் ஓடைக் குழியில் ஊறுகிற தண்ணியையும் செடிக்கு ஏற்றுவது இதுதான். சொந்தத் தோட்டம் இல்லாதவர்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள்.

மாதக் கூட்டத்தில் கடன் தவணை நிலுவை ஏன் என்று கேட்டால், “மெஷின் தண்ணியே எடுக்க மாட்டேங்கு மேடம், இன்ஜின் போச்சுன்னு சொல்லுதாவ” என்கிற பதில் அடிக்கடி வருகிறது. மெஷின் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிற நாளெல்லாம் வாடகை வருவதில்லை. தவணை மட்டும் தேதி தவறாமல் வருகிறது. விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இன்ஜின் போயிருக்காது. குழாயில் காற்று, பழைய பெட்ரோல், அடைத்துப்போன ஃபில்டர், இப்படி ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும். அதையெல்லாம் நாமே பார்க்கலாம். பார்க்கக் கூடாத, செய்யவே கூடாத காரியம் ஒன்றும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறோம், தயவுசெய்து அதைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

முதலில் மெஷினைப் புரிந்து கொள்வோம். இதில் இரண்டு பாகம். ஒன்று இன்ஜின், இன்னொன்று பம்ப். இன்ஜின் ஒரு தண்டைச் சுற்றுகிறது. அந்தத் தண்டின் மறுமுனையில் இம்பெல்லர் என்கிற சின்னச் சக்கரம் பம்புக்குள் சுற்றி, தண்ணீரை ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் தள்ளுகிறது. கடற்கரையில் சுற்றுலாப் பயணிகள் ஏறிச் சீறிக்கொண்டு போவார்களே வாட்டர் ஸ்கூட்டர், சினிமாவில் பார்த்திருப்பீர்கள், அதற்கு அடியிலும் இதே சங்கதிதான். அடியில் தண்ணீரை இழுத்துப் பின்னால் பீச்சி அடிக்கிறது, அந்த உதைப்பில் வண்டி முன்னால் போகிறது. பல லட்ச ரூபாய் வண்டிக்கு வருகிற கோளாறும் நம் மெஷினுக்கு வருகிற கோளாறும் அநேகமாக ஒன்றே: இழுக்கிற வாயில் பாசி அடைப்பது, கல் மாட்டுவது, நின்ற பெட்ரோல் கெட்டுப் போவது, இன்ஜினுக்குள் தண்ணீர் போவது. ஆனால் அதை வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறை கடலில் ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீர் விட்டு அலசிவிட்டுத்தான் நிறுத்துகிறார்கள். நம்மில் எத்தனை பேர் கலங்கல் தண்ணி இறைத்த பிறகு ஒரு வாளி நல்ல தண்ணீரைப் பம்புக்குள் ஓடவிடுகிறோம்?

இன்ஜின் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

இப்படி இருந்தால் சந்தோஷப்படுங்கள், இன்ஜினுக்கு ஒன்றும் இல்லை. உடனே நிறுத்திவிட்டுத் தண்ணீர்ப் பக்கத்தைப் பாருங்கள். உடனே என்பதை அழுத்திச் சொல்கிறோம். பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் சீல் என்று ஒரு பாகம் இருக்கிறது. வழவழப்பான இரண்டு வளையங்கள் ஒன்றோடொன்று உரசிச் சுற்றுகின்றன. அவற்றைக் குளிர வைப்பது பம்புக்குள் இருக்கிற தண்ணீர்தான். தண்ணீர் இல்லாமல் வெறும் பம்பாக ஓடினால் சில நிமிஷத்தில் சூடேறி சீல் கருகிவிடும். அப்புறம் இன்ஜின் பக்கமாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், ஒர்க்‌ஷாப் செலவுதான். அதனால் ஸ்டார்ட் பண்ணும் முன் பம்பின் மேல் மூடியைத் திறந்து வழிய வழியத் தண்ணீர் ஊற்றி மூட வேண்டும். “தானா இழுக்கிற பம்பு” என்று கடையில் சொல்லி விற்பார்கள். அதுவும் முதலில் ஊற்றின தண்ணீரை வைத்துத்தான் மிச்சத்தை இழுக்கும்.

தண்ணீர் ஊற்றியும் எடுக்கவில்லையா? இழுக்கிற ஹோஸில் காற்று நுழைகிறது. இளநீரில் ஸ்ட்ரா போட்டுக் குடிக்கும்போது ஸ்ட்ராவில் ஊசித் துவாரம் இருந்தால் என்ன ஆகும்? அதே கதை. வெளியே தள்ளுகிற ஹோஸில் ஓட்டை இருந்தால் தண்ணீர் பீச்சும், கண்ணுக்குத் தெரியும். இழுக்கிற ஹோஸில் ஓட்டை இருந்தால் எதுவுமே தெரியாது, காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஹோஸை மாட்டும் இடத்தில் ரப்பர் வாஷர் இருக்கிறதா, வெடித்திருக்கிறதா, கிளாம்ப் இறுக்கமா என்று பாருங்கள். வாடகைக்குப் போய் வருகிற மெஷினில் முதலில் காணாமல் போவது இந்த வாஷர்தான். பத்து இருபது ரூபாய்ச் சாமான், இரண்டு வாங்கிப் பையில் போட்டு வையுங்கள்.

அடுத்து ஹோஸின் நுனியில் உள்ள சல்லடை. குளத்தில் ஆகாயத்தாமரை வேரும் பாலித்தீன் பையும் சுற்றிக் கொள்ளும். சல்லடையைச் சேற்றில் போடாமல், ஒரு பழைய கூடைக்குள் வைத்து, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒரு அடி ஆழத்தில் தொங்குகிற மாதிரிக் கட்டுங்கள். சிலர் சல்லடை அடைக்கிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அப்புறம் கல் நேராக இம்பெல்லருக்குப் போகும். கயிறு இழுக்கவே வராமல் இறுகிப் போனால் பெரும்பாலும் கல்தான் காரணம். இன்ஜினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, பம்பின் மூடி போல்ட்டுகளைக் கழற்றினால் எடுத்துவிடலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் ஏறவில்லை என்றால் உயரத்தைப் பாருங்கள். இழுக்கிற பம்ப் உண்மையில் தண்ணீரை இழுப்பதில்லை. குழாயில் உள்ள காற்றை அது எடுத்துவிடுகிறது. வெளியே இருக்கிற காற்றின் அழுத்தம்தான் தண்ணீரைக் குழாய்க்குள் ஏற்றிவிடுகிறது. அந்த அழுத்தம் ஏற்றக்கூடிய உயரம் சுமார் 10 மீட்டர், அதற்கு மேல் உலகத்தில் எந்தப் பம்பாலும் இப்படி உறிஞ்ச முடியாது. நடைமுறையில் நம் மெஷினுக்கு 20 அடி, ரொம்பப் போனால் 25 அடி. குளத்துக்கும் ஓடைக்கும் போதும். கோடையில் நம் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் கிடக்கிற ஆழத்துக்கு எட்டாது.

இங்கேதான் ஆபத்து ஆரம்பமாகிறது.

கிணற்றுக்குள் இன்ஜினை இறக்கவே கூடாது

மேலே இருந்து எட்டவில்லை, சரி, மெஷினையே கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, படிக்கட்டிலோ பாறைத் திட்டிலோ வைத்து ஓட்டுவோம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. இப்படிச் செய்து உயிர் போன செய்திகள் பல ஊர்களிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. ஓடுகிற இன்ஜினின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்கிற வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு போய் ஒட்ட வேண்டிய இடத்தில் இது போய் ஒட்டிக்கொள்கிறது, அதுவும் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக. முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, அப்புறம் கால் ஓய்ந்துவிடும். மூளை மந்தமாகிவிடுவதால் ‘ஏறிப் போய்விடுவோம்’ என்கிற எண்ணம் வரும்போது ஏறத் தெம்பு இருக்காது.

கிணறு நாலு பக்கமும் சுவர் எழுப்பிய பாத்திரம் மாதிரி. காற்று அடித்து வாயு கலைவதற்கு வழியே இல்லை. இன்ஜினை நிறுத்திய பிறகும் உள்ளேயே நிற்கும். ‘ஆஃப் பண்ணிட்டுத்தானே இறங்குறோம்’ என்பதும் சரியல்ல.

பெரியவர்கள் ஒரு முறை சொல்லியிருப்பார்கள்: அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கு, எரிந்தால் இறங்கலாம், அணைந்தால் இறங்கக் கூடாது. தூர்ந்த கிணற்றில் பிராணவாயு குறைவாக இருக்கிறதா என்று பார்க்க வந்த வழி அது. இன்ஜின் புகை விஷயத்தில் இதை நம்பவே கூடாது. ஆளைக் கொல்லும் அளவுக்குக் கார்பன் மோனாக்சைடு இருக்கும்போதும் விளக்கு நன்றாகவே எரியும். அதோடு பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், கிணற்றின் அடியில் தங்கும். அதில் விளக்கைக் கொண்டு போனால் என்ன ஆகும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

கிணற்றுக்குள் போனவர் குரல் கொடுக்கவில்லை என்றால் பின்னாலேயே அண்ணன் இறங்குவதும், அவரைத் தேடித் தகப்பன் இறங்குவதும்தான் நம் மனசு. ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் போவது இப்படித்தான். யாரையும் இறங்க விடாதீர்கள். அவர் இடுப்பில் கயிறு இருந்தால் மேலே இருந்து இழுங்கள். இல்லாவிட்டால் தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108 கூப்பிடுங்கள். மூச்சுக் கருவியோடு வருகிறவர்கள் இறங்கட்டும். குழுவில் மெஷினை வாடகைக்கு விடுகிறவர்கள் “எங்க வச்சு ஓட்டப் போறீங்க மதினி?” என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். கிணற்றுக்கு என்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். வாடகை போனால் போகட்டும். ஆழக் கிணற்றுக்குத் தண்ணீருக்குள் இறங்குகிற மின் மோட்டார்தான் பொருத்தம், அதில் புகை கிடையாது.

மாட்டுக் கொட்டகைக்குள்ளோ கதவடைத்த அறையிலோ இன்ஜினை ஓட்டிப் பார்ப்பதற்கும் இதே பேச்சுதான்.

ஸ்டார்ட் ஆகவில்லை

“இழுத்து இழுத்துக் கை கழண்டு போச்சு” என்று சொல்வதற்கு முன் சில விஷயங்களைப் பார்க்கலாம்.

ஐப்பசியில் மழை பிடித்ததும் மூலையில் வைக்கிற மெஷினை மாசியில்தான் மறுபடி எடுக்கிறோம். நாலு மாசம் டேங்கில் கிடந்த பெட்ரோல் பெட்ரோலாக இருக்காது. ஆவியாகிற சத்தெல்லாம் போய், கார்புரேட்டருக்குள் பிசின் மாதிரி படிந்து, ஊசிமுனை அளவுத் துவாரத்தை அடைத்துவிடும். இப்போது இது முன்னைவிட அதிகம். பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கை 2025-இல் எட்டிவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது. கரும்பு, அரிசி, நம் பக்கம் விளைகிற மக்காச்சோளம் இவற்றிலிருந்து எடுக்கும் சரக்குதான் எத்தனால். (மக்காச்சோளத்துக்கு விலை கிடைத்தால் நமக்கும் நல்லதுதான், அது வேறு கதை.) எத்தனாலுக்குக் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு. ஈரம் அளவுக்கு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பழைய மெஷின்களின் ரப்பர் குழாயும் சீக்கிரம் கெட்டுப் போகும்.

அதனால் ஒரு மாசத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் டேங்கைக் காலி பண்ணுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, தானாக நிற்கிற வரை ஓடவிடுங்கள். (பம்பில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான்.) கார்புரேட்டரில் உள்ள மிச்சமும் தீர்ந்துவிடும். குளிர் நாடுகளில் ஏரி உறைகிற மாசங்களில் வாட்டர் ஸ்கூட்டரை மூடி வைப்பதற்கு முன் இதற்கென்றே ஒரு நாள் ஒதுக்கி எரிபொருளையும் தண்ணீரையும் கவனித்துவிட்டு வைக்கிறார்கள். நமக்கு அது மழைக்காலம், அவ்வளவுதான் வித்தியாசம்.

பெட்ரோல் புதுசு, அப்படியும் வரவில்லை என்றால் பிளக்கைக் கழற்றுங்கள். அதற்கான ஸ்பேனர் மெஷினோடு வந்திருக்கும். முனை காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தால் நல்லது. கரி படிந்து கறுப்பாக இருந்தால் காற்று ஃபில்டர் அடைத்திருக்கிறது, இல்லை சோக்கை மூடியபடியே ஓட்டியிருக்கிறோம். ஈரமாகப் பெட்ரோல் வாடை அடித்தால், அதிகம் இழுத்து உள்ளே பெட்ரோல் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். பிளக்கைத் துடைத்து வெயிலில் வைத்துவிட்டு, பெட்ரோல் குழாயை மூடி, நாலைந்து தடவை கயிற்றை இழுத்துவிட்டுப் பிறகு மாட்டுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது பிளக்கில் கை வைக்க வேண்டாம்.

கரிசல் புழுதிக்குக் காற்று ஃபில்டர் பத்து நாளில் அடைத்துவிடும். பஞ்சு மாதிரி ஸ்பாஞ்சாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டலாம். காகித ஃபில்டர் என்றால் தட்டித் தூசியை எடுப்பதோடு சரி, நனைக்கக் கூடாது.

இன்னொரு விஷயம், பலருக்கும் தெரியாதது. சில மெஷின்களில் ஆயில் குறைந்தால் இன்ஜின் தானாகவே ஓட மறுக்கும், பிளக்கில் நெருப்பு வராது. ஆயில் சரியாக இருந்தும் மெஷினைக் குளத்தங்கரைச் சரிவில் சாய்த்து வைத்தால்கூட ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, குறைந்துவிட்டது என்று மெஷின் நினைத்துக்கொள்ளும். சமதளத்தில் தூக்கி வைத்ததும் ஒரே இழுப்பில் ஓடும்! கொஞ்ச நேரம் ஓடி ஓடி நின்று போனால் பெட்ரோல் டேங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். மூடியில் காற்று போகிற துவாரம் மண்ணால் அடைத்திருந்தால் பெட்ரோல் இறங்காது. மூடியைக் கழுவினால் சரியாகிவிடும். வண்டியில் படுக்கப் போட்டுக் கொண்டு வந்த மெஷின் முதலில் வெள்ளைப் புகை கக்கினால் பயப்பட வேண்டாம், ஆயில் மேலே ஏறியிருக்கும். அடுத்த முறை நிமிர்த்திக் கட்டிக் கொண்டு வாருங்கள்.

ஆயில் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு வகை மெஷின் இருக்கிறது. ஒன்றில் ஆயிலைத் தனியாக ஊற்ற வேண்டும், இன்னொன்றில் பெட்ரோலிலேயே கலக்க வேண்டும். எந்த வகை என்று மெஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கும். தனியாக ஊற்றும் வகையில் முதல் 20 மணி நேரத்தில் ஒரு முறையும், அப்புறம் 100 மணி நேரத்துக்கு ஒரு முறை அல்லது ஆறு மாசத்துக்கு ஒரு முறையும் ஆயிலை மாற்றுவது பொதுவான கணக்கு. கலக்கும் வகையில் புத்தகத்தில் 50-க்கு 1 என்றிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. மருந்தடிக்கிற மெஷினும் பம்பும் ஒரே வீட்டில் இருந்தால் கேன்களில் பெயிண்டில் எழுதி வையுங்கள். கலக்காத பெட்ரோலைக் கலக்க வேண்டிய மெஷினில் ஊற்றினால் பிஸ்டன் இறுகி, அப்போதுதான் உண்மையிலேயே இன்ஜின் போகும்.

மெஷின் மூழ்கிவிட்டால்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அது மாதிரி வெள்ளத்திலோ, கரை சரிந்து குளத்திலோ மெஷின் மூழ்கிவிட்டால், எடுத்ததும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். பண்ணாதீர்கள். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டரில் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் வேகமாக மேலே வந்தால் உள்ளே இருக்கிற கம்பி வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கயிற்றை மெதுவாக இழுத்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஆயிலையும் பெட்ரோலையும் முழுக்க வடித்துவிடுங்கள். அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள், இரண்டு நாள் கிடந்தால் உள்ளே துரு ஏறிவிடும்.

மெக்கானிக்கிடம் போவதில் கூச்சம் வேண்டாம். வீட்டு ஆம்பளையை அனுப்பினால் அவர் கேட்டு வந்து நமக்குச் சொல்வது ‘இன்ஜின் போச்சு’ என்கிற ஒரு வரிதான். தையல் மெஷினுக்கு பெல்ட் மாட்டுகிறோம், கிரைண்டர் கல்லைக் கழற்றி மாட்டுகிறோம், இது மட்டும் ஏன் ஆகாது? நேரில் போய், என்ன பார்த்தோம், பிளக் என்ன நிறத்தில் இருந்தது என்று சொல்லுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள், பில் எழுதி வாங்குங்கள். குழுக் கணக்கிலும் அது வேண்டும்.

வாடகைக்கு விடுகிற குழுக்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு, யார் கொண்டு போனார்கள், எத்தனை மணி நேரம், ஆயில் மாற்றிய தேதி, வாஷரும் சல்லடையும் திரும்பி வந்ததா என்று எழுதி வையுங்கள். மணி நேரக் கணக்கு இல்லாமல் ஆயில் மாற்றும் நாள் தெரியாது. வாடகையில் ஒரு பங்கை மெஷின் பேரில் தனியாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைப் பிரிப்பது நல்லது. எவ்வளவு என்பதை குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மெஷின் வைத்திருக்கிற குழுக்கள் அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு பிளக் ஸ்பேனரையும், புத்தகம் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். ஒரு மெஷினை வைத்து எல்லாரும் கழற்றி மாட்டிப் பார்த்துவிடலாம். பழைய சேலைத் துணி கொஞ்சம் வேண்டும், கை துடைக்க.